அம்மா சிரித்தார், எனக்கு எரிச்சல்: ‘நோ என்ட்ரி’யும் பொய் சொல்லும் கணவர்களும்

“ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘நோ என்ட்ரி’ என்ற இந்திப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் வேறு பெண்களின் பின்னால் போகும் கணவர்களின் கதை. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கோ எரிச்சலாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு இது எப்படிச் சிரிப்பாக இருக்க முடியும்? அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் ரசித்தார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்திப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். அதற்காகவே பல ஆண்டுகள் மும்பையில் இருந்தேன். இந்த வகைப் படங்களை ஒரு பார்வையாளனாகவும், ஒரே காட்சியை இருபது முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் எழுதுபவனாகவும் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கும் நெடுநாளாக உள்ள கேள்வி. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘நோ என்ட்ரி’ 2005 ஆகஸ்ட் 26 அன்று வெளியானது. அந்தத் தேதி மும்பைக்காரர்களுக்கு நினைவில் நிற்கக் காரணம் உண்டு. சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 26 அன்று, நகரத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகஸ்ட் கடைசியிலும் தரைத்தள வீடுகளின் சுவர்களில் ஈரக்கோடு மறையவில்லை. மெத்தைகளை மொட்டை மாடியில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் சயான் பகுதியில் ஒரு பழைய ஒற்றைத் திரை அரங்கில் இந்தப் படத்தைப் பார்த்தேன். அரங்கம் நிரம்பி வழிந்தது. எனக்கு முன்வரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பக்கத்தில் அவர் கணவர். அனில் கபூர் மனைவியிடம் அகப்பட்டு விழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கணவரின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். முதல் இரண்டு தட்டுக்குக் கணவரும் சேர்ந்து சிரித்தார். ஐந்தாவது தட்டுக்குப் பிறகு அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தார். அம்மாளின் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை.

உங்கள் அம்மாவின் சிரிப்பும் அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன். துரோகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. துரோகம் செய்தவன் பயப்படுவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். இந்தப் படங்களில் கணவன் சுகமாக இருக்கும் காட்சி என்று ஒன்றை எண்ணிப் பாருங்கள், கிடைக்காது. அவன் ஓடுகிறான், குளியலறையில் ஒளிகிறான், தொலைபேசி மணி அடித்தால் வெலவெலத்துப்போகிறான், ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்கிறான். இரண்டரை மணி நேரப் படத்தில் ஆசை ஐந்து நிமிடம், மிச்சமெல்லாம் வியர்வை.

இந்தப் பயம் நிஜ வாழ்க்கையில் அவனுக்கு இருந்ததா? நம் சட்டத்தைப் பார்த்தால் இந்தச் சிரிப்பின் வேர் தெரியும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பிறன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல், உறவு கொள்பவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கே. தவறு செய்தவனின் மனைவிக்கு அதில் இடமே இல்லை. ஒருவன் திருமணமாகாத பெண்ணோடு பழகினால், அந்தச் சட்டத்தின் கண்ணில் அது குற்றமும் இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யும் வரை இதுதான் நிலைமை. கணவன் மனைவிக்கு எஜமானன் அல்ல என்று நீதிபதிகள் அப்போதுதான் எழுதினார்கள். ஆக, துரோகம் செய்யும் கணவனுக்கு நீதிமன்றத்தைக் கண்டு பெரிதாகப் பயமில்லை, ஊருக்குப் பயமில்லை. “ஆம்பளை, அப்படி இப்படித்தான் இருப்பான்” என்று ஊரே சமாதானம் சொல்லிவிடும். சம்பளம் அவன் கையில், வீடு அவன் பெயரில். அவன் பயப்பட வேண்டிய காரணமே இல்லாத ஒரு சமூகத்தில், திரையில் மட்டும் அவன் மனைவியைப் பார்த்து நடுநடுங்குகிறான். சட்டம் தராத ஒன்றை அந்தப் படம் இரண்டரை மணி நேரத்துக்குத் தருகிறது. முன்வரிசை அம்மாள் ஏன் கணவரின் தொடையில் தட்டினார் என்பது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

உங்கள் எரிச்சலுக்கும் வலுவான நியாயம் இருக்கிறது. ‘நோ என்ட்ரி’யின் கதைக்கட்டைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பத்திரிகை அதிபர் கிஷன், அதாவது அனில் கபூர், தொடக்கத்தில் தவறே செய்யாதவர். அவர் மனைவி காஜல், லாரா தத்தா, எந்நேரமும் அவரைச் சந்தேகப்படுகிறவள். அவர் நண்பன் பிரேம், சல்மான் கான், கண்ணில் பட்ட பெண்ணையெல்லாம் துரத்துகிறவன். அவன் மனைவி பூஜா, ஈஷா தியோல், கணவனைக் கடவுளாக நினைக்கிறவள். சந்தேகப்படும் மனைவி தேவையில்லாமல் சந்தேகப்படுகிறாள், அதனால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம்பும் மனைவி நம்பக்கூடாதவனை நம்புகிறாள், அதனால் அவளைப் பார்த்தும் சிரிக்கிறோம். சந்தேகப்பட்டாலும் ஏமாளி, நம்பினாலும் ஏமாளி. மனைவிக்கு இந்தப் படத்தில் நிற்க ஒரு இடம் இல்லை. நீங்கள் எரிச்சல் அடைந்தது இந்த இடத்தில்தான் என்று அடித்துச் சொல்வேன். பூஜாவின் நம்பிக்கையை வைத்துப் பிரேம் விளையாடும் காட்சிகளில் எனக்கும் சிரிப்பு வருவதில்லை. ஏமாற்றுகிறவன் அங்கே பயப்படவில்லை. அவளுடைய பக்தியைப் பயன்படுத்திக்கொள்கிறான். பயம் இல்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு கசந்துபோகிறது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. உங்கள் அம்மாவுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்: ‘நோ என்ட்ரி’ ஒரு தமிழ்ப் படத்தின் மறுஆக்கம். 2002இல் ஷக்தி சிதம்பரம் இயக்கிய ‘சார்லி சாப்ளின்’தான் அதன் மூலம். பிரபு, பிரபுதேவா, அபிராமி, காயத்ரி ரகுராம் நடித்தது. அதுவே தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று பல மொழிகளுக்குப் போயிற்று. தமிழில் சபலக்கார நண்பன் லிவிங்ஸ்டன். அவர் நகைச்சுவைப் பாத்திரம். அவர் மாட்டினால் அரங்கம் கைகொட்டும், தப்பினால் யாரும் கொண்டாட மாட்டார்கள். இந்தியில் இயக்குநர் அனீஸ் பஸ்மீ அந்த வேடத்தைச் சல்மான் கானிடம் கொடுத்தார். அதோடு படத்தின் நியாயத் தராசே மாறிப்போயிற்று. சல்மான் திரையில் தோன்றியதும் நான் இருந்த அரங்கில் விசில் காதைப் பிளந்தது. விசில் வாங்கும் நாயகன் எந்தத் தவறு செய்தாலும் அது அவனுக்கு ஒரு நகையைப் போல ஒட்டிக்கொள்ளும். லிவிங்ஸ்டன் செய்தால் அசட்டுத்தனமாகத் தெரிவது, சல்மான் செய்தால் துடுக்குத்தனமாகத் தெரிகிறது. கதை ஒன்றுதான். யார் முகத்தில் அதை வைக்கிறோம் என்பதில்தான் பார்வையாளரின் மனசாட்சி நகர்கிறது.

இன்னொரு மறுஆக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இதைவிட நுட்பமானது. பாலு மகேந்திராவின் ‘சதி லீலாவதி’ 1995இல் வந்தது. ரமேஷ் அரவிந்த் கணவன், கல்பனா மனைவி, ஹீரா காதலி. மனைவி பருமனாக இருக்கிறாள் என்பது கணவனின் மனக்குறை. கமல்ஹாசன் கோவைத் தமிழ் பேசும் மருத்துவராக, கோவை சரளாவின் கணவராக வந்து வயிற்றைப் புண்ணாக்கினார். இதை டேவிட் தவன் 1999இல் ‘பீவி நம்பர் 1’ என்று இந்தியில் எடுத்தார். சல்மான் கான் கணவன், கரிஷ்மா கபூர் மனைவி, சுஷ்மிதா சென் காதலி. கமல் வேடம் அனில் கபூருக்கு, சரளா வேடம் தபுவுக்கு. பெரிய வெற்றி. சுஷ்மிதா சென்னுக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

கல்பனாவை நடிக்க வைத்ததே ‘சதி லீலாவதி’யின் துணிவு. அந்தப் பெண்ணின் உடலைப் பார்த்து முதலில் சிரிக்கும் பார்வையாளர், மெல்ல மெல்ல அவள் கண்ணைப் பார்க்கத் தொடங்குகிறார். இந்தியில் அந்த வேடம் கரிஷ்மாவுக்குப் போனதும் பருமன் என்ற பிரச்சினையே காணாமல் போயிற்று. வேறு வழியில்லாமல், சேலைகட்டிய குடும்பப் பெண் என்பதையே குறையாக்கி, பிறகு அவளை விளம்பர அழகியாக மாற்றி மேடையில் நடக்கவைத்தார்கள். கணவனை மீட்க மனைவி காதலியைப் போல மாற வேண்டும் என்று ஆகிவிட்டது. 1999இல் இதற்குக் கைதட்டல் விழுந்தது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்த வடநாட்டுப் பெண்கள் பலர் அந்தப் படத்தில் நினைவில் வைத்திருப்பது அந்த மாற்றத்தை அல்ல. கர்வா சௌத் காட்சியைத்தான். கணவனின் ஆயுளுக்காகப் பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுதும் விரதம் இருந்து, இரவில் சல்லடை வழியே நிலவைப் பார்த்துவிட்டு விரதம் முடிக்கும் நாள் அது. நம் காரடையான் நோன்பு போன்றது, ஆனால் இன்னும் கடினமானது. அந்த நாளில்தான் மனைவிக்கு உண்மை தெரியவருகிறது. மும்பையில் என் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி ஒருவர், “அந்த இடம் வந்ததும் தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை” என்று பல ஆண்டுகள் கழித்தும் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் கலகலவென்று இருந்த அரங்கம் அது. அத்தனை சிரிப்புக்கும் அடியில் அந்த மௌனமும் இருந்திருக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

“அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் ரசித்தார்களா” என்று கேட்டீர்கள். ரசித்தார்கள், ஆனால் ஆண் தவறினால் மட்டும். ‘நோ என்ட்ரி’க்கு அடுத்த ஆண்டு, 2006 ஆகஸ்டில், கரண் ஜோஹரின் ‘கபி அல்விதா நா கஹ்னா’ வந்தது. ஷாருக் கானும் ராணி முகர்ஜியும் அதில் வெவ்வேறு பேரை மணந்தவர்கள்; ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதில் ராணி முகர்ஜியின் மாயா ஓடி ஒளியவில்லை, பொய் சொல்லிச் சிரிக்க வைக்கவில்லை. தன் திருமணத்தில் தனக்கு மகிழ்ச்சி இல்லை என்று அழுகிறாள். முந்தின ஆண்டு ‘நோ என்ட்ரி’யில் ஆண்கள் செய்ததைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்தவர்கள், ஒரு பெண் செய்ததைப் பார்த்துக் கொதித்தார்கள். “அபிஷேக் பச்சன் போன்ற நல்ல கணவனை விட்டுவிட்டுப் போவாளா?” என்பதுதான் அன்று மின்சார ரயிலின் பேச்சு. இந்தியாவைவிட வெளிநாடுகளில் அந்தப் படத்துக்கு வரவேற்பு அதிகம் கிடைத்தது. ஆண் துரோகம் செய்தால் நகைச்சுவைப் படம் எடுக்கிறார்கள், பெண் துரோகம் செய்தால் அழுகைப் படமோ கொலைப் படமோ எடுக்கிறார்கள். மனைவி குளியலறையில் காதலனை ஒளித்துவைத்துத் தவிக்க, கணவன் கதவைத் தட்ட, அரங்கமே குலுங்கிச் சிரிக்கும் பெரிய இந்திப் படம் ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இது எனக்கு ஆறாத குறை.

‘மஸ்தி’ வரிசையைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. 2004இல் இந்திர குமார் இயக்கிய முதல் படத்தில், விவேக் ஓபராய், ரித்தேஷ் தேஷ்முக், அஃப்தாப் ஷிவ்தாசானி என்ற மூன்று கணவர்கள் வீட்டு வாழ்க்கையில் சலிப்படைந்து வெளியே போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பயம் இருந்தது, மனைவிகளும் இருந்தார்கள். 2013இல் வந்த ‘கிராண்ட் மஸ்தி’யில் கொச்சைப் பேச்சு மட்டுமே மிஞ்சியது. விமர்சகர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கிழித்தார்கள். ஆயினும் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற அந்தப் படம் நூறு கோடியைத் தாண்டியது. 2016இல் மூன்றாவது படம் வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் கசிந்து, பின்பு திரையரங்கிலும் படுத்துவிட்டது. ‘கிராண்ட் மஸ்தி’ நான் பார்த்த காட்சியில் பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. மனைவி பார்க்க வராத படத்தில் கணவன் யாருக்குப் பயப்படுவான்? தொடையில் தட்ட ஆளில்லாத அரங்கில் அந்தச் சிரிப்பு முற்றிலும் வேறு ஒன்றாக ஒலித்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பார்வையாளரின் மனம் மாறிவிட்டது என்பதை வெளிப்படையாகக் காட்டியது 2019. அந்த ஆண்டு டிசம்பரில் ‘பதி பத்னி ஔர் வோ’ என்ற படம் வந்தது. கார்த்திக் ஆர்யன் கணவன், பூமி பெட்னேகர் மனைவி, அனன்யா பாண்டே மூன்றாமவர். இயக்கம் முதஸ்ஸர் அஜீஸ். நவம்பரில் முன்னோட்டம் வெளியானபோது அதில் கார்த்திக் ஆர்யன் மூச்சுவிடாமல் பேசும் ஒரு வசனம் இருந்தது. மனைவியிடம் உறவைக் கேட்டால் கணவன் பிச்சைக்காரன், கொடுக்காவிட்டால் கொடுமைக்காரன், எப்படியோ சமாளித்துப் பெற்றுவிட்டால் பாலியல் வன்கொடுமைக்காரன் என்று புலம்பும் வசனம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு விசில் அடித்திருப்பார்கள். 2019இல் அன்றே எதிர்ப்பு கிளம்பியது. திருமண உறவுக்குள் நடக்கும் வன்கொடுமையை வேடிக்கையாக்குகிறார்கள் என்று பெண்கள் எழுதிக் குவித்தார்கள். பூமி பெட்னேகர் வருத்தம் தெரிவித்தார். படத்தில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார்கள். வசனம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சொல்லைப் பார்வையாளர்கள் முன்னோட்டத்திலேயே தடுத்து நிறுத்தி, திரையரங்குக்கு வருவதற்குள் மாற்ற வைத்தது சாதாரணமானது அல்ல. அன்று முதல் நானும் எழுதுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கிறேன்.

அந்தப் படத்தின் தலைப்பிலேயே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ‘பதி, பத்னி, ஔர் வோ.’ கணவன், மனைவி, அப்புறம் ‘வோ’. இந்தியில் ‘வோ’ என்ற சொல்லுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. அவன், அவள், அவர், அது எல்லாம் அந்த ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். வினைச்சொல் வந்தால்தான் ஆளைத் தெரியும். தலைப்பில் வினைச்சொல்லே இல்லை. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது திணறிப்போனேன். ‘அவள்’ என்றால் பழி முழுவதும் அந்தப் பெண்மேல் விழுகிறது. ‘சின்ன வீடு’ என்றால், மனைவியின் வீட்டைப் பெரிய வீடாக ஒப்புக்கொண்டு மற்றதைச் சகித்துக்கொள்ளும் ஒரு பழைய ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. கடைசியில் ‘இன்னொருவர்’ என்று எழுதினேன். மரியாதை விகுதி வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்று நின்றேன். ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர் அல்லவா?

2019 படம் ஒரு பழைய படத்தின் புதுப்பதிப்பு. அந்தப் பழைய படத்தைத்தான் இந்த வகையிலேயே சிறந்தது என்று நான் நினைக்கிறேன். பி. ஆர். சோப்ரா 1978இல் எடுத்தது. கமலேஷ்வர் எழுதிய திரைக்கதை ஃபிலிம்ஃபேர் விருது பெற்றது. சஞ்சீவ் குமார் கணவன் ரஞ்சித், வித்யா சின்ஹா மனைவி சாரதா, ரஞ்சீதா அலுவலகச் செயலாளர் நிர்மலா. ரஞ்சித் எந்த வகையிலும் வில்லன் இல்லை. சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது மோதிக்கொண்டதில் தொடங்கிய காதல். கல்யாணம், மகன், பதவி உயர்வு, பிறகு புதுச் செயலாளர். அவளுடைய இரக்கத்தைப் பெற அவன் கண்டுபிடிக்கும் வழி, “என் மனைவிக்குப் புற்றுநோய், அதிக நாள் இருக்க மாட்டாள்” என்பது. சாரதா வீட்டில் நல்ல சுகத்தோடு சமைத்துக்கொண்டிருக்கிறாள். அலுவலகத்தில் அவளுக்காக ஒருத்தி கண்ணீர் விடுகிறாள்.

எல்லோரும் இதற்குச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். செம்பூரில் இருந்த என் பெரியம்மா வீட்டில், தூர்தர்ஷனில் இந்தப் படம் ஓடியபோது நான் கல்லூரி மாணவன். பெரியம்மா தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அந்த வசனம் வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார். கையில் பாதி பிளந்த பட்டாணிக்காய். “இன்னொருத்தியைப் பார்த்ததைக்கூட விட்டுவிடலாம் கண்ணா. உயிரோடு இருப்பவளுக்கு நோய் வைத்தானே, அதை எப்படி விடுவது?” என்றார். பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கினார். சாரதா சந்தேகம் வந்து, தானே துப்புத் துலக்கி, நேராக நிர்மலாவிடமே போய்ப் பேசும் இடத்தில்தான் பெரியம்மா முதல் முறையாகச் சிரித்தார். பல் தெரிய, முகம் மலர. சாரதாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ரஞ்சித்துக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவருடைய சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. பெரியப்பா அவரைவிட்டுச் சில ஆண்டுகள் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நிர்மலாவும் சாரதாவும் சேர்ந்து அவனைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படத்தை நான் உயர்வாக நினைப்பதற்குக் காரணம். மனைவிக்குக் கண்ணும் மூளையும் உண்டு. செயலாளருக்கு மானம் உண்டு. இரண்டு பெண்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. ‘நோ என்ட்ரி’யின் காஜலுக்கும் பூஜாவுக்கும் இல்லாதது சாரதாவிடம் இருக்கிறது: அவள் சந்தேகப்பட்டாள், அவள் சந்தேகம் சரியாக இருந்தது.

அது வந்தது 1978 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் அதற்கு முன்பெல்லாம், கணவன் பிற பெண்ணோடு தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால்தான் அதைக் காட்டி மனைவி விவாகரத்து கேட்க முடியும். 1976இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான், ஒருமுறை நடந்தாலும் அது போதும் என்றானது. ஆதாரத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் சாரதாவின் மிரட்டலுக்கு அப்போதுதான் கொஞ்சம் பல் முளைத்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1982இல், மகேஷ் பட்டின் ‘அர்த்’ வந்தது. அது நகைச்சுவைப் படம் அல்ல. துரோகம் செய்துவிட்டுத் திரும்பி வரும் கணவனிடம் ஷபானா ஆஸ்மி, “நான் இதையே செய்துவிட்டு வந்திருந்தால் என்னை ஏற்றிருப்பாயா?” என்று கேட்கிறார். அவன் இல்லை என்கிறான். அவள் போய்விடுகிறாள். நகைச்சுவைப் படங்கள் எல்லாம் அந்தக் கேள்வி வந்துவிடாமல் சாமர்த்தியமாக முன்பே மணி அடித்துத் திரையை இறக்கிவிடும். மன்னிப்பு, அணைப்பு, சுபம்.

1978 படம் மட்டும் ஒரு படி கூடுதலாகப் போனது. மன்னிப்பு எல்லாம் முடிந்து வீடு பழையபடி ஆனபின், அலுவலகத்துக்கு ஒரு புதிய செயலாளர் வருகிறார். பர்வீன் பாபி. சஞ்சீவ் குமாரின் முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய வெளிச்சம். அங்கேதான் பெரியம்மா எழுந்து, பட்டாணித் தோலை முறத்தோடு எடுத்துக்கொண்டு, “அணைத்துவிடு” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பேச வேண்டாம். பர்வீன் பாபி உள்ளே நுழையும்போது திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அவர் சிரித்தாரா இல்லையா என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.